பெட்டி பாதி, அறை பாதி

கடையில் கேட்டபோது அந்த டவர் ஸ்பீக்கர்கள் மனதை அள்ளின. பாடகர் நேரெதிரே நின்று பாடினார். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாகத் தெளிவாக இறங்கி வந்தது. பணத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய சிறிய ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில் நிறுத்தி, அதே பாட்டைப் போட்டால் கீழ்ஸ்தாயி முழுவதும் கும்மென்று ஒரே இரைச்சல். சில சுரங்கள் நெஞ்சை இடிக்கின்றன, சில சுரங்களைத் தேட வேண்டியிருக்கிறது. பழைய ஸ்பீக்கரே தேவலை என்றுகூட வீட்டில் ஒருவர் சொல்லிவிடுகிறார்.

உடனே சந்தேகங்கள் கிளம்பும். கடைக்காரர் வேறு பீஸைக் கொடுத்துவிட்டாரா? ஒயர் சரியில்லையா? ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு போதவில்லையா? இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் இடையில் நிச்சயமாக மாறிய பொருள் ஒன்றே ஒன்று: அறை. புதிய ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் பெட்டியைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். அந்தப் பெட்டி நிற்கப்போகும் அறையை டேப் வைத்து ஒருமுறைகூட அளப்பதில்லை. இந்த அத்தியாயம் டேப்பிலிருந்து தொடங்குகிறது.

அலையின் நீளம்

ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. நம் ஊர் வெப்பத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 1,140 அடி ஓடுகிறது. நொடிக்கு எத்தனை அலைகள் வருகின்றன என்பதுதான் அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். 1,140-ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைத்துவிடும். இந்த ஒரு வகுத்தல் போதும், அத்தியாயம் முழுவதையும் ஓட்டிவிடலாம்.

மனிதக் காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 57 அடி. 20,000 ஹெர்ட்ஸ் அலை முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. இத்தனை பெரிய வித்தியாசமுள்ள அலைகளை எட்டு அங்குல அகலமுள்ள ஒரே பெட்டி எழுப்புகிறது. பெட்டியைவிடச் சிறிய அலைகள் நேராக முன்னே பாய்கின்றன. பெட்டியைவிடப் பெரிய அலைகளுக்குப் பெட்டி ஒரு தடையே இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டிலும் பின்னாலும் பரவுகின்றன. ஆகவே வயலினின் கீச்சு முதலில் உங்களை நோக்கி வருகிறது. பேஸ் கிட்டாரின் ஒலியோ உங்களிடம் வரும் அதே வேளையில் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் கூரையிலும் போய் மோதுகிறது.

குளியலறையில் ஒரு பரிசோதனை

சுவரில் மோதிய பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரை ஒட்டி நின்று, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று ஹம் செய்யுங்கள். சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு சுருதியில் அறை முழுவதும் திடீரென்று உங்களோடு சேர்ந்து முழங்கும். குரலை நீங்கள் உயர்த்தவில்லை. அந்த இடத்தைத் தாண்டி இன்னும் இறக்கினால் முழக்கம் அடங்கிவிடும்.

ஐந்தடி அகலக் குளியலறையில் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பும் தூரம் பத்தடி. 1,140-ஐப் பத்தால் வகுத்தால் 114. 114 ஹெர்ட்ஸில் ஹம் செய்யும்போது, திரும்பி வரும் அலையும் நீங்கள் புதிதாக அனுப்பும் அலையும் அழுத்தத்தில் ஒத்துப்போகின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலி பெருக்கிறது. இதை ஒத்ததிர்வு என்கிறோம். அப்போது அறைக்குள் உருவாகும் அலை நகர்வதுபோலத் தெரியாது. சில இடங்களில் எப்போதும் உரக்க, சில இடங்களில் எப்போதும் மெலிவாக இருக்கும். ஆகவே அதற்கு நிலை அலை என்று பெயர். சுவரை ஒட்டிய இடம் அதன் உச்சம். இரண்டு சுவர்களுக்கும் நட்டநடுவே அதன் பள்ளம். முழக்கத்தின்போது தலையை அறையின் நடுவுக்குக் கொண்டுவந்தால் ஒலி மெலிவதை உணரலாம்.

பதினாறுக்குப் பதினொன்று

இனி ஹாலுக்கு வருவோம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹால்: நீளம் 16 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி. 11 அடிச் சுவர் ஒன்றின் அருகே, டி.வி.க்கு இருபுறமும், ஸ்பீக்கர்கள். எதிர்ச்சுவரோடு ஒட்டி சோபா. தமிழ்நாட்டு ஹால்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். நடக்க இடம் வேண்டுமே.

நீளவாக்கில் போய்வரும் தூரம் 32 அடி. வகுத்தால் 36 ஹெர்ட்ஸ். அகலவாக்கில் 22 அடி, 52 ஹெர்ட்ஸ். உயரவாக்கில் 20 அடி, 57 ஹெர்ட்ஸ். இவை ஒவ்வொன்றின் இரட்டிப்பிலும் மும்மடங்கிலும்கூட நிலை அலை உண்டாகும். அவற்றில் முக்கியமானது நீளவாக்கின் இரட்டிப்பு, 71 ஹெர்ட்ஸ். மூலைக்கு மூலை பாயும் சிக்கலான நிலை அலைகளும் இருக்கின்றன. அவை பலவீனமானவை, இங்கே விட்டுவிடலாம்.

இப்போது பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வைக்காமல் மீட்டினால் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைக் கவனித்துக் கேட்பவர்களுக்குத் தெரியும், அவற்றில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு மட்டும் துணை நிற்பதில்லை. தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே கீழே நடக்கும். அந்த நடையை நம் ஹாலில் ஓடவிட்டுப் பார்ப்போம்.

வாசிப்பவர் டி தந்தியைத் தொடுகிறார். 73 ஹெர்ட்ஸ். அறையின் 71-க்குப் பக்கத்து வீடு. ஸ்பீக்கர்கள் ஒரு கோடிச் சுவரின் அருகில், அதாவது உச்சத்தில், நின்று இந்த நிலை அலையை ஊட்டுகின்றன. சோபாவில் இருப்பவரின் தலை மறுகோடிச் சுவரில், இன்னோர் உச்சத்தில் இருக்கிறது. சுரம் வீங்கி நெஞ்சில் இடிக்கிறது. அடுத்து அவர் ஈ தந்தியின் மூன்றாம் கட்டையில் விரல் வைத்துக் கீழ் ஜி-க்கு இறங்குகிறார். 49 ஹெர்ட்ஸ். 36-க்கும் 71-க்கும் நடுவே, இரண்டின் உதவியும் போதாத இடம். அகலவாக்கின் 52 கைகொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. சோபாவின் நடுவில் இருப்பவர் அகலவாக்கு நிலை அலையின் பள்ளத்தில் இருக்கிறார். தவிர, நடுக்கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் அந்த அலையை எதிரெதிராகத் தள்ளி அணைத்துவிடுகின்றன. ஜி மெலிந்து ஒலிக்கிறது. அதன் மேல்சுரங்கள் 98-லும் 147-லும் இருப்பதால் அது ஜி என்று காதுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரிவதில்லை. இசைக்கலைஞர் இரண்டு சுரங்களையும் ஒரே அழுத்தத்தில்தான் மீட்டினார்.

உரப்பு வித்தியாசம் பாதிக் கதைதான். மீட்டல் நின்ற பிறகும் நிலை அலை உடனே நிற்பதில்லை, சுவர்களுக்கிடையே ஓடிக்கொண்டே தேய்கிறது. டி-யின் எச்சம் ஓய்வதற்குள் அடுத்த சுரம் வந்து அதன்மேல் விழுகிறது. வீட்டில் கேட்ட அந்தக் கும்மென்ற இரைச்சல் இதுதான்.

இங்கே நம் வீடுகளுக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் உள்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைகள். தாழ்ந்த ஒலி மோதும்போது அந்தப் பலகைகள் தாமும் லேசாக அதிர்ந்து, ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. பூசிய செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் விட்ரிஃபைட் டைல்ஸ் தரையும் அசைந்து கொடுக்காதவை. வந்ததை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்புகின்றன. ஓர் அமெரிக்க விமர்சகர் “பேஸ் கொஞ்சம் குறைவு” என்று எழுதிய ஸ்பீக்கர் மயிலாப்பூர் ஃபிளாட் ஒன்றில் போதுமானதாகவோ அதற்கு மேலாகவோ இருப்பது இதனால்தான். வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? டெமோ அறை பெரும்பாலும் பெரியது. 30 அடி நீள அறையின் முதல் நிலை அலை 19 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, மற்றவை நெருக்கமாக அடுக்கப்பட்டு ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது. தரையில் கம்பளம் இருக்கும், ஒரு பக்கம் ஷோரூமைப் பார்த்துத் திறந்தும் இருக்கும். நாற்காலியையும் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்க மாட்டார்கள்.

நம் ஹாலில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம். சோபாவை மூன்றடி முன்னே இழுப்போம். கேட்பவரின் தலை இப்போது ஸ்பீக்கர் பக்கச் சுவரிலிருந்து 13 அடியில் இருக்கிறது. 71 ஹெர்ட்ஸ் நிலை அலைக்கு அந்தச் சுவரிலிருந்து 12 அடியில் ஒரு பள்ளம் உண்டு. அதன் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டோம். டி-யின் வீக்கம், உரப்பின் அலகில் சொன்னால், ஏறக்குறைய 8 டெசிபல் இறங்கும். 36-ன் பங்கு சொற்பமாகவே குறையும். எட்டு டெசிபல் என்பது கேட்டவுடன் தெரியும் வித்தியாசம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

உண்மையான ஹால் இந்தக் கணக்கைப்போல மூடிய பெட்டி இல்லைதான். ஒரு பக்கம் சாப்பாட்டு மேசையை நோக்கித் திறந்திருக்கும், ஜன்னல் இருக்கும், பால்கனிக் கதவு இருக்கும். எண்கள் சில ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும், உச்சங்கள் சற்று மழுங்கும். ஆனால் நடப்பது இதேதான்.

டவர் எதற்கு?

அறைதான் இத்தனையும் செய்கிறது என்றால் பெரிய ஸ்பீக்கர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மின்காந்தச் சுருளால் காகிதக் கூம்பைத் தள்ளும் இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பை 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெலாக்கும் உலகுக்குக் காட்டினார்கள். பொருள்கள் மேம்பட்டிருக்கின்றன, தத்துவம் அப்படியே இருக்கிறது: கூம்பு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஓர் அளவு சத்தத்துக்கு ஒரு பங்கு காற்றைத் தள்ள வேண்டுமென்றால், அதே சத்தத்துக்கு 40-ல் நான்கு பங்கு, 20-ல் பதினாறு பங்கு. ஒரு ஸ்தாயி இறங்கும்போதெல்லாம் வேலை நான்கு மடங்காகிறது. சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் ஐந்து அங்குல உஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கூம்பு) ஒன்றுக்குப் பதிலாக ஆறரை அங்குல உஃபர்கள் இரண்டு இருந்தால் கூம்புப் பரப்பு சுமார் மூன்று மடங்காகிறது. அதே சத்தத்துக்குக் கூம்பு முன்னும்பின்னும் மூன்றில் ஒரு பங்கு தூரம் போனால் போதும். கூம்பு எவ்வளவு குறைவாகத் திணறுகிறதோ அவ்வளவு சுத்தமாகக் கேட்கும். டவரின் முதல் லாபம் இது.

இரண்டாவது லாபம் பெட்டியின் கொள்ளளவு. எட்டு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல ஆழம், பதினாலு அங்குல உயரமுள்ள ஒரு புக்‌ஷெல்ஃப் பெட்டியை ஸ்டாண்டின் மேல் வைத்தாலும், அதே அகல ஆழத்தில் நாற்பது அங்குல உயர டவரை நிறுத்தினாலும், தரையில் பிடிக்கும் இடம் ஒன்றுதான். கொள்ளளவோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கேஎல்ஹெச் நிறுவனத்தை 1957-ல் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் இந்த விஷயத்தில் ஒரு விதியை வகுத்தார். பெட்டி சிறிதாக இருப்பது, பேஸ் ஆழமாக இறங்குவது, சிறிய ஆம்ப்பிலேயே உரக்கப் பாடுவது, இந்த மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். இரும்பு விதி என்று துறையில் சொல்கிறார்கள். பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன் அவர். 1961-ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீலும், எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னியில் ரிச்சர்டு ஸ்மாலும் எழுதிய கட்டுரைகள் இந்த உறவை முழுமையான கணக்காக்கிவிட்டன. அதன் பிறகு பெட்டி செய்வது குருட்டாம்போக்கு வேலையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கைக்கடக்கமான பெட்டியில் பூமி அதிரும் பேஸ், அதுவும் சிறிய ஆம்ப்பில், என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

பெட்டியில் ஒரு குழாய்த் துளை இருக்கிறதே, அது போர்ட். பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலிதான் அதன் இயற்பியல்: துளையிலுள்ள காற்று, உள்ளேயிருக்கும் காற்றின் மேல் மோதி மோதி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. உஃபரின் பின்புற ஒலியை வீணாக்காமல் பேஸுக்குத் துணையாகத் திருப்புகிறது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். போர்ட் பின்புறம் இருந்தால் சுவரிலிருந்து குறைந்தது ஓரடியாவது தள்ளி வையுங்கள். தள்ள இடமில்லாத வீட்டில் முன்போர்ட் உள்ளதையோ முழுதும் மூடிய பெட்டியையோ வாங்குவது புத்திசாலித்தனம். போர்ட்டை அடைக்க ஒரு ஸ்பாஞ்ச் உருளையைச் சில நிறுவனங்கள் உடன் தருகின்றன. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நம் 16 அடி ஹாலுக்கு எவ்வளவு பெரிய டவர் வேண்டும்? 40 ஹெர்ட்ஸ் வரை திணறாமல் இறங்கும், ஆறரை அங்குல உஃபர் இரண்டு உள்ள நடுத்தர டவர் போதும் என்பது என் கருத்து. மூன்று எட்டு அங்குல உஃபர்களோடு 28 ஹெர்ட்ஸ் வரை போகும் பெரிய மாடல், அந்த ஹாலின் 36 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வை ஓங்கித் தட்டி எழுப்பும். அதிகப் பணம் கொடுத்து அதிகத் தொல்லையை வாங்குவதாக ஆகிவிடும். அட்டைப்பெட்டியில் ‘38 ஹெர்ட்ஸ் முதல்’ என்று போட்டிருந்தால் அதன் பக்கத்தில் ±3 டெசிபல் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எல்லை இல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை. 10 டெசிபல் சரிந்த இடத்தையும் ‘எட்டுகிறது’ என்று எழுதிவிட முடியும்.

சுவரிலிருந்து எத்தனை அடி?

ஸ்பீக்கரின் பின்சுவர் இன்னொரு வேலையும் செய்கிறது. உஃபர் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தால், பின்னால் போய் மோதித் திரும்பும் ஒலி நான்கடி தாமதமாக வந்து சேர்கிறது. எட்டடி நீளமுள்ள அலைக்கு நான்கடி என்பது பாதி அலை. நேரடி ஒலி மேடாக இருக்கும்போது திரும்பிய ஒலி பள்ளமாக வந்து அதைத் தின்றுவிடும். 142 ஹெர்ட்ஸில் ஒரு குழி விழுகிறது. ஆண்குரலின் அடிச்சுருதி நடமாடும் இடம் அது. மூன்றடி தள்ளினால் குழி 95-க்கு நகர்கிறது. ஓரடியாகக் குறைத்தால் 285-க்கு ஏறுகிறது.

குழியே இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. பின்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றிலிருந்தும் உஃபர் இருக்கும் தூரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றும் இரண்டடியாக அமைந்துவிட்டால் மூன்று குழிகளும் ஒரே இடத்தில் விழுந்து கிணறாகிவிடும். பொறியாளர் ராய் ஆலிசன் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

200 ஹெர்ட்ஸுக்கு மேலே

நம் ஹால் அளவில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் நிலை அலைகள் எண்ணிலடங்காமல் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து, தனித்தனி முகம் இழக்கின்றன. ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1954-ல் காட்டிய எல்லை இது. அதற்குக் கீழே கேட்பதைத் தீர்மானிப்பதில் அறைக்குப் பெரும்பங்கு; மேலே, ஸ்பீக்கருக்கு. குரல், வீணை, வயலின், சிம்பலின் பளபளப்பு என்று இசையின் முகத்தில் பெரும்பகுதி இந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் இங்கேதான் பலன் தருகிறது, பேஸில் அல்ல.

நல்ல ஸ்பீக்கர் என்றால் என்ன? ‘அவரவர் காது, அவரவர் ரசனை’ என்ற பதிலை ஒருவர் சோதித்துப் பார்த்தார். ஃபிளாய்ட் டூல், கனடா ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பணியாற்றியவர். பிறகு ஹார்மன் நிறுவனத்துக்குப் போனவர். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, எது ஒலிக்கிறதென்று தெரியாமல் மதிப்பெண் போடச் சொன்னார். விலையும் பெயரும் உருவமும் மறைந்ததும், பெரும்பாலானவர்களின் தேர்வு வியக்கத்தக்க அளவு ஒன்றுபோல இருந்தது. எல்லா அதிர்வெண்களையும் சமமாக ஒலிக்கும், பக்கவாட்டில் அனுப்பும் ஒலியும் நேராக அனுப்பும் ஒலியின் சாயலிலேயே சீராக இருக்கும் ஸ்பீக்கர்களே வென்றன. பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியம் என்றால், ஹாலில் நம் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பியதுதான். ஸ்பீக்கர் பக்கவாட்டில் அனுப்பும் ஒலி கோணலாக இருந்தால் டைல்ஸும் சுவரும் அந்தக் கோணலையே திருப்பித் திருப்பிச் சொல்லும்.

இன்று ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி 70 கோணங்களில் அளந்து சில வளைகோடுகளாகத் தரும் முறை வந்துவிட்டது, ஸ்பின்னோராமா என்பார்கள். நீங்கள் விரும்பும் மாடலுக்கு அது கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். நேரெதிரே அளந்த கோடு மேடுபள்ளமின்றிச் சமமாக ஓட வேண்டும், மற்றவை சீராக இறங்க வேண்டும். கிடைக்காவிட்டால் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒற்றைக் குரல் பாடும் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கருக்கு நேராக இருந்து மெல்லப் பக்கவாட்டில் நடங்கள். குரல் கொஞ்சம் மங்கலாம், அது இயல்பு. அதன் சாயலே மாறி மூக்கால் பாடுவதுபோலவோ உள்ளொடுங்கியோ ஆனால், உஃபரிலிருந்து, உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்குக் கைமாறும் இடத்தில் கோளாறு. அந்தக் கைமாற்றத்தைச் செய்யும் கிராஸ்ஓவர் சுற்றில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரியும்.

கண்ணை மூடிக் கேட்பது

1994-ல் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஒரு பரிசோதனை, ஸ்பீக்கர் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நான்கு ஸ்பீக்கர்கள். கேட்டவர்கள் ஹார்மன் ஊழியர்கள் 40 பேர். மறைத்துக் கேட்டபோது, விலை குறைந்த சின்னஞ்சிறு ஸ்பீக்கர்களும் ஆழ்ந்த பேஸுக்கென்றே தனியான ஒரு சப்-உஃபரும் கொண்ட செட், பெரிய விலையுயர்ந்தவற்றோடு தோளோடு தோள் நின்றது. திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டபோது அதே செட்டின் மதிப்பெண் விழுந்தது. ஸ்பீக்கரை இடம் மாற்றியதால் ஒலியில் ஏற்பட்ட உண்மையான மாறுதல்களைக்கூடப் பார்த்துக் கேட்டவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. ஒலித்துறையிலேயே வேலை செய்பவர்களுக்கு இந்த நிலை என்றால், பளபளக்கும் வால்நட் பூச்சின் முன்னால் நம் காதின் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

உரப்பும் ஏமாற்றும். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரை ‘கூடுதல் தெளிவு’ என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டை ஒப்பிடும்போது செல்பேசியிலுள்ள ஒலிமானிச் செயலியை வைத்தாவது உரப்பைச் சமமாக்கச் சொல்லுங்கள். தவிர, 1933-ல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியபடி, ஒலி குறையக் குறையக் காது பேஸை அதைவிட வேகமாக இழக்கிறது. நடு அதிர்வெண்ணில் 40 டெசிபல் ஒலிக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் 50 ஹெர்ட்ஸ் ஒலி 75 டெசிபலையும் தாண்ட வேண்டும். கடைக்காரர் ஓங்கி வைப்பார், நீங்கள் இரவு பத்து மணிக்குக் குழந்தை தூங்கும் வீட்டில் தணித்து வைப்பீர்கள். வீட்டில் வைக்கும் அளவிலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒற்றை ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்கவிட்டும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து காட்டும் விரிவு பல குறைகளை மறைத்துவிடும், ஒன்று தனியாக நிற்கும்போது மறைக்க இடமில்லை.

வாட் பற்றிச் சுருக்கமாக

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது ஸ்பீக்கரின் உணர்திறன். 87 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, பத்தடி தள்ளி சோபா என்றால், ஒரு வாட்டிலேயே 80 டெசிபலைத் தாண்டிவிடும். அது வீட்டில் உரத்த சத்தம். தவில் அடி போன்ற திடீர் உச்சங்களுக்குப் பத்து முதல் நூறு மடங்கு வரை கையிருப்பு தேவை. உணர்திறன் 3 டெசிபல் குறைந்தால் ஆம்ப் இரட்டிப்பு வாட் தர வேண்டும். ஆகவே டவருக்கு மாறும்போது உணர்திறனையும், ஓம் கணக்கில் சொல்லும் மின்மறுப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு ஓம் என்று ஒட்டியிருக்கும் பல டவர்கள் சில அதிர்வெண்களில் நான்குக்கும் கீழே போகும். சிறிய ரிசீவர் சூடாகிவிடும். ஒயருக்குப் போதுமான தடிமனுள்ள செம்பு போதும்.

சோபாவில் சப்-உஃபர்

பேஸ் நன்றாக வரும் இடமும் குரல் நன்றாக வரும் இடமும் பல ஹால்களில் ஒன்றாக அமைவதில்லை. டவரில் உஃபரும் ட்வீட்டரும் ஒரே பெட்டியில் கட்டுண்டிருப்பதால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சிறிய ஹாலில், தரமான புக்‌ஷெல்ஃப் ஜோடியும் தனி சப்-உஃபரும் பல சமயம் அதே விலையுள்ள டவரை வெல்வதற்குக் காரணம் இந்தச் சுதந்திரம்தான். டவர்தான் வேண்டும் என்பவர்களும் அடிப்பகுதி பேஸைச் சப்-உஃபருக்குக் கைமாற்றிவிடலாம்.

சப்-உஃபரை எங்கே வைப்பது? 19-ஆம் நூற்றாண்டில் ரேலி பிரபு நிறுவிய ஒரு விதி கைகொடுக்கிறது: ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் பரஸ்பரம் மாற்றினாலும் கேட்பது மாறாது. ஆகவே சப்-உஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் கிட்டார் நிறைய நடக்கும் பாட்டைப் போட்டுவிட்டு, தரையோடு தரையாகக் குனிந்து சுவரோரமாக நகர்ந்து கேளுங்கள். எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அங்கே வைத்தால் சோபாவிலும் அதே சமம் கிடைக்கும்.

இரண்டு சப்-உஃபர் வாங்க முடிந்தால் ஒன்றை டி.வி. சுவரின் நடுவிலும் மற்றதை எதிர்ச்சுவரின் நடுவிலும் வையுங்கள். 36 ஹெர்ட்ஸ் நிலை அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அணைத்துவிடும். 52 ஹெர்ட்ஸின் பள்ளத்திலேயே இரண்டும் நிற்பதால் அதுவும் எழாது. மிஞ்சுவது உயரவாக்கின் 57-ம் நீளவாக்கின் 71-ம். 71-க்குச் சோபாவை மூன்றடி முன்னே இழுத்தது போதும். 57-ஐ ரிசீவர் தன்னோடு வரும் சிறிய மைக்கால் அளந்து, அந்த இடத்தில் மட்டும் ஒலியைக் குறைத்துக்கொள்ளும். மேட்டைக் குறைப்பது அதற்கு எளிது. பள்ளத்தை மட்டும் அதை வைத்து நிரப்ப முயல வேண்டாம். ஊட்டும் ஒலியும் திரும்பி வரும் ஒலியும் சேர்ந்தே கூடுவதால் பள்ளம் அப்படியே இருக்கும், ஆம்ப்பும் உஃபரும் மட்டும் திணறும்.